பழைய சூப்பர்ஹீரோ ஜோடி இதழ்கள்: இன்று எடுத்துப் படித்தால் எது தாங்குகிறது, எது தொய்கிறது?

1 · மைக்கூடு

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலாவது பதிவிலேயே பேச்சு அவெஞ்சர்ஸுக்குப் போய்விடும். இந்த இழை ஜோடி இதழ்களுக்கு மட்டும்: ஒரு நிரந்தர நாயகன், இதழுக்கு ஒரு விருந்தாளி. பேட்மேன் நடத்திய ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ (200-ஆம் இதழோடு 1983-இல் நின்றது), ஸ்பைடர்மேனின் ‘மார்வெல் டீம்-அப்’ (1972 முதல் 1985 வரை, 150 இதழ்கள்), கல்லுடம்பு நாயகன் திங் நடத்திய ‘மார்வெல் டூ-இன்-ஒன்’ (1974 முதல் 1983 வரை, 100 இதழ்கள்), சூப்பர்மேனின் ‘டிசி காமிக்ஸ் பிரசன்ட்ஸ்’ (1978 முதல் 1986 வரை, 97 இதழ்கள்). இவற்றுக்கெல்லாம் மூத்தது ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’.

அந்த மூத்ததன் கதையே ஒரு வேடிக்கை. 1941 முதல் அட்டையில் சூப்பர்மேனும் பேட்மேனும் தோளில் கைபோட்டு நிற்பார்கள், உள்ளே ஆளுக்கொரு தனிக்கதை. 1954-இல் 71-ஆம் இதழில்தான் இருவரும் ஒரே கதைக்குள் வந்தார்கள். காரணம் கலை ஆர்வம் அல்ல. பக்க எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள், இரண்டு தனிக்கதைக்கு இடமில்லை. ஜோடிக்கதை ஒரு வழக்கமாக வேர்பிடித்ததே பக்கப் பஞ்சத்தில்தான்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. விருந்தாளியைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் வேறொருவரை உட்கார வையுங்கள். கதை அப்படியே ஓடுகிறதா? ஓடினால் அது விருந்தாளியின் பெயரை அட்டையில் போட்டு விற்பதற்காக எழுதிய இதழ். ஓடாமல் இடறினால் அது ஜோடிக்கதை. இந்தக் கணக்கில் பார்த்தால் ‘டீம்-அப்’ இதழ்களில் பெரும்பாலானவை இன்று தொய்கின்றன என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் இதழ் எண்ணோடு வாருங்கள்.

2 · பதினேழுபக்கம்

மைக்கூடு, அளவுகோல் சரி. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த இடத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும். 1970-களின் பின்பாதியில் மார்வெல் இதழில் கதைக்குக் கிடைத்தது 17 பக்கம். போட்டி நிறுவனமான டிசியிலும் பெரும்பாலும் அதே நிலைதான். (1978-இல் டிசி விலையை ஏற்றிக் கதையை 25 பக்கமாக்கினார்கள். மூன்றே மாதத்தில் பல தொடர்கள் ரத்தாகி, பழையபடி 17-க்குத் திரும்பினார்கள்.)

அந்த 17-ஐப் பிரித்துப் பாருங்கள். முதல் பக்கம் முழுப்பக்கப் படம். நிரந்தர நாயகனின் சொந்த வாழ்க்கைக்கு இரண்டு பக்கம். விருந்தாளி யார், என்ன சக்தி, எங்கிருந்து வந்தார் என்று தெரியாத வாசகனுக்காக இரண்டு பக்கம். ஆளை ஆள் தவறாகப் புரிந்துகொண்டு அடித்துக்கொள்ள மூன்று. மிஞ்சுவது ஒன்பது. வில்லன் அறிமுகமாகி, திட்டத்தைச் சொல்லி, ஒரு முறை ஜெயித்து, கடைசியில் தோற்க வேண்டும், எல்லாம் அந்த ஒன்பதுக்குள். அடுத்த மாதம் வேறு விருந்தாளி என்பதால் எதையும் நீட்டிவைக்கவும் முடியாது.

எல்லோரும் கிண்டல் செய்யும் அந்தத் தவறான புரிதல் சண்டைக்கும் இங்கேதான் காரணம். இரண்டு பேரின் சக்தியையும் ஒரே நேரத்தில் விளக்குவதற்கு அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. அறிமுகப் பக்கத்தையும் சண்டைப் பக்கத்தையும் ஒன்றாக்கிவிடலாம். அதைச் செய்யாமல் தனியாக அறிமுகம், தனியாகச் சண்டை என்று இரட்டிப்பாக்கும் இதழ்கள்தான் மொக்கை. கையில் உள்ள எந்த இதழையும் எடுத்து, வில்லன் முதன்முதலில் முகம் காட்டும் பக்கத்தைப் பாருங்கள். 6-க்குள் வந்துவிட்டால் கதை மூச்சுவிடும். 10-க்கு மேல் போனால் முடிவு கடைசி இரண்டு பக்கத்தில் திணிக்கப்பட்டிருக்கும்.

3 · கொக்கி

அளவுகோல், கணக்கு எல்லாம் இருக்கட்டும். ‘பிரேவ் அண்ட் போல்ட்’ எழுதின பாப் ஹேனியைச் சொல்லாம இந்தப் பேச்சு எப்படி நடக்குது?

‘பிரேவ் அண்ட் போல்ட்’ 115, 1974. பேட்மேன் மின்சாரம் தாக்கி மூளைச்சாவு. டாக்டர்கள் கைவிட்டாச்சு. விருந்தாளி ஆட்டம் (Atom), உடம்பைச் சுருக்கிக்கிற நாயகன். அவர் என்ன பண்றார்? சுருங்கி பேட்மேன் மண்டைக்குள்ள போறார். மூளையில எந்த இடத்தைத் தொட்டா கை ஆடும், எந்த இடத்தைத் தொட்டா கால் நடக்கும்னு தேடித்தேடி மிதிச்சு, அந்தப் பிணத்தை எழுப்பி, நடக்கவெச்சு, கேஸை முடிக்கிறார். தலைப்பே ‘சாக மறுத்த பிணம்’ங்கிற மாதிரி. மைக்கூடு அண்ணே, இப்ப உங்க அளவுகோலை வைங்க. ஆட்டம் இடத்துல கிரீன் ஆரோவைப் போட்டுப் பாருங்க. வில்லோட மண்டைக்குள்ள போவாரா?

124-ஆம் இதழ் இன்னும் ஒரு படி மேல. கதைக்குள்ள ஓவியர் ஜிம் அப்பாரோவே வர்றார். தீவிரவாதிங்க அவரைத் துரத்தி, பேட்மேன் சாகிற மாதிரி வரைன்னு மிரட்டுறாங்க. அவர் என்ன வரையறாரோ அதுதான் பேட்மேனுக்கு நடக்கும். விருந்தாளி சார்ஜன்ட் ராக். இது 1976 ஜனவரி இதழ். இந்த மாதிரி விளையாட்டை எல்லாம் பிற்பாடு வந்தவங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு பேசுறவங்க இதைப் படிக்கணும்.

தொடர்ச்சி பார்த்தா ஹேனி ஜீரோ. 84-ஆம் இதழ்ல பேட்மேன் இரண்டாம் உலகப்போர்ல சார்ஜன்ட் ராக்கோட நிக்கிறார். அப்ப 1969-ல அவருக்கு என்ன வயசு? டிசி கதைகள்ல எர்த்-ஒன், எர்த்-டூன்னு தனித்தனி இணை உலகங்கள். வைல்ட்கேட் எர்த்-டூ ஆளு, பேட்மேன் எர்த்-ஒன் ஆளு, ரெண்டு பேரும் எந்த விளக்கமும் இல்லாம ஒரே ஊர்ல சுத்துவாங்க. ரசிகர்கள் கடுப்பாகி ஹேனி கதைகளுக்குன்னே ‘எர்த்-பி’ன்னு தனி உலகம் ஒதுக்கிட்டாங்க. ஆனா இன்னைக்குப் படிக்கிறவனுக்கு அதுதான் வசதி. எந்த இதழையும் எடுக்கலாம், முன்கதை எதுவும் தெரிய வேண்டாம்.

4 · தாரகை

ஹேனியின் துணிச்சல் சரி, கொக்கி. ஆனால் 115, 124 இரண்டையும் வைத்துக்கொண்டு மற்றதை மறைக்காதீர்கள். அவர் இளைஞர்களைப் பேசவைக்கும்போது வரும் கொச்சை அந்தக் காலத்திலேயே போலி. பெண் விருந்தாளி வரும் இதழ்களில் பாதிக்கு மேல் பேட்மேனைக் காதலிக்கவோ கடத்தப்படவோதான் வருகிறாள். இந்தக் குறை அவருக்கு மட்டுமல்ல, ஐந்து தொடருக்கும் பொது.

விதிவிலக்குக்கு ‘டீம்-அப்’ 59 முதல் 70 வரை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ் கிளேர்மான்ட் எழுத்து, ஜான் பைர்ன் ஓவியம், 1977-78. வாஸ்ப், மிஸ் மார்வெல், டைக்ரா எல்லாம் தங்கள் சொந்தக் காரணத்தோடு வருகிறார்கள். 64-இல் மிஸ்டி நைட்டும் காலீன் விங்கும் விருந்தாளிகள். அந்த இதழுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ‘அயர்ன் ஃபிஸ்ட்’ தொடர் 15-ஆம் இதழோடு நின்றபோது ஸ்டீல் சர்பன்ட் என்ற வில்லனின் விவகாரம் அந்தரத்தில் தொங்கியது. அதை ‘டீம்-அப்’ 63, 64 இரண்டில் கொண்டுவந்து முடித்தார்கள். ஆகவே அந்தக் கதைக்கு விருந்தாளி தவிர்க்க முடியாதவர். ஸ்பைடர்மேன்தான் அங்கே கூடுதல் ஆள்.

65-66 கேப்டன் பிரிட்டனின் அமெரிக்க நுழைவு. ஆர்கேட் என்ற கூலிக்கொலைகாரன் முதன்முதலாக வருவதும் இங்கேதான். இருவரையும் ராட்சதப் பின்பால் எந்திரத்துக்குள் தள்ளுகிறான். கேப்டன் பிரிட்டன், அதாவது பிரையன் பிராடக், பீட்டரின் அறைத்தோழனாக வருவதால், பதினேழுபக்கம் சொன்ன அறிமுகச் செலவு இரண்டு இதழுக்குப் பரவி லேசாகிவிடுகிறது. இரண்டு இதழாக நீட்டினால் 34 பக்கம், அறிமுகம் ஒரே முறை. அந்தச் சேமிப்புதான் இந்தக் காலகட்டத்தின் ரகசியம் என்று நினைக்கிறேன்.

5 · பதினேழுபக்கம்

தாரகை சொன்ன சேமிப்பை இன்னும் பெரிதாகச் செய்தது ‘டூ-இன்-ஒன்’ 53 முதல் 58 வரை, புராஜெக்ட் பெகாசஸ், 1979. மார்க் குருன்வால்டும் ரால்ஃப் மாக்கியோவும் எழுத்து. ஓவியம் முதல் பாதி பைர்ன், மறுபாதி ஜார்ஜ் பெரெஸ். விருந்தாளி மாறுகிறார், இடம் மாறவில்லை. எல்லாம் ஒரே ஆய்வு நிலையத்துக்குள். குவேசார், ஜயன்ட்-மேன், தண்ட்ரா, டெத்லாக், வுண்டார் என்று மாதத்துக்கு ஒருவர் அட்டையில் ஏறினாலும் முந்தைய மாதத்து ஆள் வெளியே போகாமல் உள்ளேயே இருக்கிறார். ஜோடி இதழின் விதியை உடைக்காமலே ஒரு நெடுங்கதை.

குறையும் உண்டு. வசனம் படத்தையே திரும்பச் சொல்கிறது. திங் கதவை உடைப்பது கட்டத்தில் தெரிகிறது, அவர் வாயும் ‘கதவை உடைக்கிறேன்’ என்கிறது. மார்வெலில் கதைச்சுருக்கம் கொடுத்து, ஓவியர் 17 பக்கமும் வரைந்து முடித்த பிறகுதான் வசனம் எழுதுவார்கள். ஓவியர் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டால் எழுத்தாளருக்கு மிஞ்சுவது வர்ணனை மட்டுமே. முழு எழுத்துப்படி கொடுத்து வரையவைத்த டிசி இதழ்களில் இந்தத் தொல்லை குறைவு, பதிலுக்குக் கட்டங்கள் விறைப்பாக இருக்கும். இன்று வேகமாகப் படிக்க விரும்பினால் மார்வெலில் சண்டைப் பக்கங்களின் எண்ணப் பலூன்களைத் தாண்டிவிடுங்கள். ஒன்றும் குறையாது.

6 · மைக்கூடு

வில்லன் சேண்ட்மேன், அதாவது மணல்மனிதன், வரும் இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வளர்ச்சி என்றால் என்ன என்பது அதில் பச்சையாகத் தெரியும்.

‘டீம்-அப்’ முதல் இதழ், 1972. ராய் தாமஸ் எழுத்து, ராஸ் ஆண்ட்ரு ஓவியம். கிறிஸ்துமஸ் முன்னிரவு. ஸ்பைடர்மேனும் ஹ்யூமன் டார்ச்சும் சேண்ட்மேனைத் துரத்துகிறார்கள். அவன் நோயாளித் தாயைப் பார்க்க வந்திருக்கிறான் என்று கடைசியில் தெரிகிறது. சில நிமிடம் அனுமதிக்கிறார்கள், தப்பிவிடுகிறான். கரு நல்ல கரு. ஆனால் அது கடைசிப் பக்கங்களில் ஒட்டவைத்த முடிவு. அதற்கு முன்னால் வருவது வழக்கமான துரத்தல், வழக்கமான வாய்ச்சண்டை.

‘டூ-இன்-ஒன்’ 86, 1982. டாம் டிஃபால்கோ எழுத்து, ரான் வில்சன் ஓவியம். அதே சேண்ட்மேன். மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்று தகவல் வர, திங் அடிக்கத்தான் வருகிறார். சேண்ட்மேனுக்குச் சண்டையில் விருப்பமில்லை. ஹைட்ரோ-மேனோடு உடல் கலந்து சேறாகிப்போன அனுபவத்துக்குப் பிறகு எல்லாவற்றிலும் சலிப்பு. பீர் வருகிறது. கடைக்காரன் எப்போது மேசை பறக்குமோ என்று வியர்த்துக்கொண்டிருக்கிறான். இவன் தன் வாழ்க்கையைச் சொல்கிறான், அவர் கேட்கிறார், முடிந்ததும் விட்டுவிட்டுப் போகிறார். இதழின் மீதிப் பக்கங்களில் இம்பாஸிபிள் மேனின் வேறொரு கதை இருப்பதால் இதற்கு முழு இதழ்கூடக் கிடைக்கவில்லை.

இங்கே திங்குக்குப் பதில் ஸ்பைடர்மேனைப் போட முடியாது. தன் உடம்பே தனக்குப் பாரமாகிப்போன இருவர் பேசிக்கொள்ளும் கதை இது. சேண்ட்மேன் பின்னாளில் திருந்திய ஆளாக உலவியதற்கு வாசல் இங்கேதான் திறந்தது. முந்தைய கதைக்கு 10-க்கு 5, இதற்கு 10-க்கு 9. ஒன்றைக் குறைத்தது அட்டைக்காக, அட்டை சண்டை வரப்போகிறது என்று ஆசை காட்டுகிறது.

7 · கொக்கி

அந்த ஒரு மார்க்கையும் குடுத்துடுங்க அண்ணே. பீர் குடிக்கிற அட்டையை 1982-ல யார் விடுவாங்க?

அதே டிஃபால்கோ, அதே வில்சன், அதே வருஷம் ‘டூ-இன்-ஒன்’ ஆண்டு இதழ் 7 இருக்கே. பிரபஞ்ச சாம்பியன்னு ஒருத்தன் வந்து பூமியோட பலசாலிங்க எல்லாரையும் குத்துச்சண்டைக்குக் கூப்பிடுறான். தோர் சுத்தியலைத் தூக்குனதால வெளிய. ஹல்க்குக்குச் சேர்க்கையே இல்லை. திங் எலும்பெல்லாம் நொறுங்கியும் எழுந்து எழுந்து நிக்கிறார். பொருத்தமா தர்க்கமான்னு கேக்காதீங்க, மூணாவது ரவுண்டு வந்தா நீங்களே எழுந்து நிப்பீங்க.

8 · நீலக்கோடு

எல்லோரும் சிகரங்களை மட்டும் சொல்கிறீர்கள். ஒரு தொடரை எடைபோட நடுவாந்தர இதழைத்தான் எடுக்க வேண்டும். ‘டீம்-அப்’ 41 முதல் 44 வரை, பில் மான்ட்லோ எழுத்து, சால் பியூசெமா ஓவியம், 1976. ஸ்கார்லெட் விட்ச்சைத் தேடி ஸ்பைடர்மேன் சூனிய வழக்குகள் நடந்த அமெரிக்கச் சேலம் நகருக்கு, 1692-க்குப் போகிறார். விஷனும் டாக்டர் டூமும் மூன்ட்ராகனும் மாதம் ஒருவராகச் சேர்கிறார்கள். காட்டன் மாதர் என்ற நிஜ மனிதரை நேரடி வில்லனாக்கியது வரலாற்றைப் பிழிந்த வேலை. வசனம் கனம். ஆனால் சூனியக்காரர்கள் என்று குற்றம்சாட்டப்பட்டவர்களைக் காப்பாற்றிக் கைதட்டல் வாங்கும் சுலப வழியை மான்ட்லோ எடுக்கவில்லை. 17 பக்க மாத இதழில் அது சின்ன விஷயமல்ல.

சால் பியூசெமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரை யாரும் புகழ்ந்து எழுதுவதில்லை. அவருடைய பக்கத்தில் கண் எங்கும் தடுமாறாது. யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அடுத்த கட்டம் எது, எல்லாம் எழுத்தை மறைத்தாலும் புரியும். பலூன்களைக் கையால் மூடிக்கொண்டு ஒரு சண்டைப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரிய பெயர் வாங்கிய பலர் இந்தச் சோதனையில் தோற்பார்கள்.

9 · தாரகை

நீலக்கோடு சொல்வது நியாயம். ஆனாலும் டிசி பக்கம் வராமல் இழை மார்வெலிலேயே உருள்கிறது.

‘டிசி காமிக்ஸ் பிரசன்ட்ஸ்’ முதல் இரண்டு இதழ்களும் சூப்பர்மேன்-ஃப்ளாஷ் ஓட்டப்பந்தயம். கதை சுமார். ஹோசே லூயிஸ் கார்சியா-லோபஸின் ஓவியம் மட்டும் இன்றும் வியக்கவைக்கிறது. ஓடுகிறவனுக்கும் பறக்கிறவனுக்கும் உடல் சாய்வதில் உள்ள வித்தியாசத்தை வரைந்து காட்டியிருப்பார். 27-இல் மங்குல் என்ற வில்லன் அறிமுகம், லென் வைன், ஜிம் ஸ்டார்லின். அது இன்றைய வேகத்துக்கே ஓடுகிறது. நடுவில் முப்பது நாற்பது இதழ்கள் சப்பை, தாராளமாகத் தாண்டலாம்.

பிறகு 85, 1985. ஆலன் மூர் எழுத்து, ரிக் வீச் ஓவியம், விருந்தாளி சதுப்புநில உயிரி ஸ்வாம்ப் திங். கிரிப்டானிலிருந்து வந்த பூஞ்சை சூப்பர்மேனைத் தொற்றுகிறது. காய்ச்சல், மாயத்தோற்றம், சக்தி எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத நிலை. சாவதென்றால் யாருக்கும் தெரியாமல் சாக வேண்டும் என்று காரில் தெற்கே போகிறார். ஸ்வாம்ப் திங் அவரை மீட்கிறார். விழித்தெழும் சூப்பர்மேனுக்குத் தன்னைக் காப்பாற்றியது யார் என்றே தெரியாது. கைகுலுக்கல் இல்லை, தவறான புரிதல் சண்டை இல்லை. அட்டையில் இரண்டு பெயர் இருக்கிறது, கதைக்குள் இருவரும் சந்தித்ததாக ஒருவருக்குத்தான் தெரியும்.

இதோடு ‘பிரேவ் அண்ட் போல்ட்’ 200-ஐயும் சேருங்கள். மைக் பார் எழுத்து, டேவ் கிப்பன்ஸ் ஓவியம். எர்த்-டூ பேட்மேன் 1955-இல் தொடங்கும் வழக்கு, எர்த்-ஒன் பேட்மேன் கையில் முடிகிறது. முன்பாதியைப் பழைய டிக் ஸ்ப்ராங் பாணியிலும் பின்பாதியைத் தன் பாணியிலும் கிப்பன்ஸ் வரைந்திருக்கிறார். இரண்டு பேட்மேனும் சந்திக்கவே இல்லை. கொக்கி சொன்ன 115-இலும் ஜோடியில் ஒருவர் பிணம். கவனித்தீர்களா, நாம் இதுவரை கொண்டாடிய இதழ்களில் பாதிக்கு மேல் ஜோடி சரியாகச் சேராத இதழ்கள்.

10 · பதினேழுபக்கம்

தாரகை, அது முழுமையாகச் சரியில்லை. புராஜெக்ட் பெகாசஸில் எல்லோரும் சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். ஆண்டு இதழ் 7-இல் மொத்தக் கூட்டமும் ஒரே அரங்கத்தில் நிற்கிறது. சேராத கதைகள் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் அவை அறிமுகச் செலவைத் தவிர்ப்பதுதான், சேராமை தனியாக ஒரு குணமல்ல.

சேர்ந்தே ஆக வேண்டிய கதைகளுக்கு இரண்டு நிறுவனங்களும் கைகோத்த இதழ்களைப் பாருங்கள். 1976, ‘சூப்பர்மேன் வெர்சஸ் தி அமேசிங் ஸ்பைடர்மேன்’. ஜெர்ரி கான்வே, ராஸ் ஆண்ட்ரு, டிக் ஜியர்டானோ. பெரிய அளவுத் தாள், விலை 2 டாலர். இருவரும் ஏன் ஒரே உலகில் இருக்கிறார்கள் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை, இருக்கிறார்கள், அவ்வளவுதான். சண்டைக்கு மட்டும் கவனமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஸ்பைடர்மேனின் குத்து சூப்பர்மேனை அசைக்க வேண்டுமே, அதற்கு சூப்பர்மேனின் எதிரி லூதர் சிவப்புச் சூரியக் கதிரை ஸ்பைடர்மேன் மீது பாய்ச்சுகிறான். சூப்பர்மேன் திருப்பிக் குத்தும்போது கடைசி நொடியில் கையை நிறுத்துகிறார், அந்தக் காற்றே ஸ்பைடர்மேனைத் தூக்கி எறிகிறது. யார் ரசிகனும் கோபிக்கக் கூடாது என்ற பேரம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. கதையாகப் பார்த்தால் சாதாரணம், பேரமாகப் பார்த்தால் அபாரம்.

1981-இன் ‘பேட்மேன் வெர்சஸ் தி இன்க்ரெடிபிள் ஹல்க்’ இதைவிட நன்றாக நிற்கிறது. பேட்மேன் ஹல்க்கை எப்படித்தான் சமாளிப்பார்? மயக்கப் புகை விடுகிறார். ஹல்க் மூச்சை அடக்கிக்கொள்கிறார். வயிற்றில் சரியான இடத்தில் ஒரு உதை. மூச்சு தானாக உள்ளே போகிறது, ஆள் விழுகிறார். சில கட்டங்களில் முடிந்த அந்த ஒரு உதையில் பேட்மேன் யார், ஹல்க் யார் இரண்டும் சொல்லியாகிவிட்டது. 1982-இன் எக்ஸ்-மென், நியூ டீன் டைட்டன்ஸ் இதழில் வால்ட் சைமன்சன் ஓவியமும் கிளேர்மான்ட் எழுத்தும் கைகொடுத்தாலும், ஆட்கள் மிகுதி. ஜோடிக் கணக்கு அங்கே பொருந்தாது.

11 · புதுத்தாள்

இந்த இழையைப் படித்துவிட்டுத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். பழைய இதழா, மறுபதிப்பா, டிஜிட்டலா? மறுபதிப்பு நிறங்கள் கண்ணைக் குத்துகின்றன என்கிறார்கள், ஏன்?

12 · நியூஸ்பிரிண்ட்

நிறத்திலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கால இதழ்களில் சயன், மஜென்டா, மஞ்சள் மூன்றும் 0, 25, 50, 100 சதவீதம் என்ற நான்கு நிலைகளில் மட்டும். 4×4×4, மொத்தம் 64 நிறம், அதற்கு மேல் கறுப்பு. இந்த நிறங்களைக் குறித்தவர்கள் செய்தித்தாள் காகிதத்தை மனத்தில் வைத்தே குறித்தார்கள். மட்டமான காகிதம் மையை உறிஞ்சும், புள்ளி விரியும், வெள்ளைகூட லேசான பழுப்பு. எல்லாம் சேர்ந்து நிறம் தணிந்துவிடும். அதே குறிப்பை அப்படியே எடுத்துப் பளபளப்பான வெள்ளைத் தாளில் அச்சடித்தால் தணிக்க எதுவும் இல்லை. 100 சதவீத மஞ்சள் நிஜமாகவே 100 சதவீதமாக நிற்கிறது. கண்ணைக் குத்துவது அதுதான். பளபளப்பில்லாத தாளில் வந்த மறுபதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். டிஜிட்டலில் படித்தால் திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, வெப்ப நிறத்துக்கு மாற்றுங்கள்.

கறுப்பு வெள்ளைத் தொகுப்புகளை ஒதுக்காதீர்கள். மார்வெலின் ‘எசென்ஷியல்’, டிசியின் ‘ஷோகேஸ் பிரசன்ட்ஸ்’ இரண்டும் 500 பக்கத்தை ஒட்டியவை. அப்பாரோ பென்சிலும் மையும் எழுத்தும் தானே போட்டவர். நிறம் இல்லாமல்தான் அந்தக் கறுப்புத் திட்டுகளின் கணக்கு தெரிகிறது. பியூசெமாவும் தாங்குவார். பெரெஸ் தாங்கமாட்டார், அவருடைய கூட்டக் காட்சிகளைப் பிரித்துக் காட்ட நிறம் வேண்டும்.

தொகுப்பு வாங்கும் முன் உள்ளடக்கத்தில் எண்களை வரிசையாகப் பாருங்கள், நடுவில் ஓட்டை இருக்கும். உரிமம் வாங்கிப் பயன்படுத்திய விருந்தாளிகள்தான் காரணம். ‘டூ-இன்-ஒன்’ 21-இல் டாக் சேவேஜ், அதனால் ‘எசென்ஷியல்’ முதல் தொகுதியில் 20-க்கு அடுத்து 22. 99-இல் ராம் (ROM), அந்தத் தொகுப்பு வரிசையில் அதற்கும் இதே கதிதான். ‘டீம்-அப்’ 79-இல் ரெட் சோன்யா, 74-இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுவே விருந்தாளி. இந்த வகை இதழ்களில் சிலவற்றுக்குப் பழைய பிரதியைத்தான் தேட வேண்டியிருக்கும். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து போட்டவை நீண்ட காலம் மறுபதிப்பு இல்லாமல் கிடந்து, 2024-இல்தான் பெரிய தொகுப்பாக வந்தன.

தடிமனான தொகுப்புகளில் இன்னொரு தொல்லை: இரண்டு பக்கம் சேர்ந்த படம் தைப்புக்குள் புதைந்துவிடும். வாங்குமுன் நடுவில் ஒரு இடத்தைத் திறந்து, தட்டையாகப் படுக்கிறதா என்று பாருங்கள்.

13 · நீலக்கோடு

நியூஸ்பிரிண்ட் சொன்னதோடு ஒன்று. 1970-களின் பின்பாதியில் உலோக அச்சுத் தட்டுகளுக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. மெல்லிய கோடுகள் அறுந்து அறுந்து விழும். அந்த ஆண்டுகளின் பழைய பிரதியைப் பார்த்து ஓவியர் அலட்சியமாக மையிட்டிருக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். நல்ல மறுபதிப்போடு ஒப்பிட்ட பிறகே மையிட்டவரைத் திட்டுங்கள்.

14 · புதுத்தாள்

நன்றி. முதலில் எந்த ஆறு இதழ்? அதில் பழைய பிரதியாக வாங்கினால் எதைச் சரிபார்க்க வேண்டும்?

15 · மைக்கூடு

‘பிரேவ் அண்ட் போல்ட்’ 115, ‘டூ-இன்-ஒன்’ 86, ஆண்டு இதழ் 7, ‘டீம்-அப்’ 65-66 சேர்த்து, ‘டிசி காமிக்ஸ் பிரசன்ட்ஸ்’ 85. 115-ஐப் பிடித்திருந்தால் 124, பிடிக்கவில்லை என்றால் ஹேனியை விட்டுவிடுங்கள், வற்புறுத்தி வரும் ருசியல்ல அது. பெகாசஸை ஆறும் ஒன்றாகக் கிடைக்கும்போது மட்டும் தொடங்குங்கள்.

16 · நியூஸ்பிரிண்ட்

பழைய பிரதிக்கு: 1974 முதல் 1976 வரையிலான மார்வெல் இதழ் என்றால் வாசகர் கடிதப் பக்கத்தை முதலில் திறங்கள். அங்கே வெட்டிச் சேகரிக்கச் சொல்லி ஒரு ‘வேல்யூ ஸ்டாம்ப்’ அச்சிட்டிருப்பார்கள். வெட்டியிருந்தால் பின்பக்கத்திலும் ஓட்டை. விற்பவர் அட்டைப் படம் மட்டும் காட்டினால் அந்தப் பக்கத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஸ்டேப்பிள். துரு காகிதத்துக்குள் இறங்கி அந்த இடமே உதிரும். இரண்டு பின்னிலும் நடுத்தாள் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், நடுத்தாள் ஒன்று போனால் நாலு பக்கம் போச்சு. கதைப் பக்கங்களை எண்ணிவிடுவது நல்லது.

சில இதழ்களுக்கு நடுவில் தனிக்கதை இணைப்பு உண்டு. ‘டிசி காமிக்ஸ் பிரசன்ட்ஸ்’ 26-இல் நியூ டீன் டைட்டன்ஸ் முன்னோட்டம் 16 பக்கம். சைபார்க், ரேவன், ஸ்டார்ஃபயர் மூவரும் முதலில் தோன்றியது அதில்தான். ‘பிரேவ் அண்ட் போல்ட்’ 200-இலும் அவுட்சைடர்ஸுக்காக அப்படியொரு இணைப்பு உண்டு. நடுவில் இருப்பதால் பின்னை நிமிர்த்தி உருவிவிட்டு மீண்டும் மடக்கிவிடுவது சுலபம். பின்னின் கால்கள் இரண்டு முறை மடங்கிய தடத்தோடு இருந்தாலோ, ஓட்டை அகலமாக இருந்தாலோ, பக்கத்தை எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வைப்பதற்கு அமிலமில்லாத அட்டையும் மைலார் உறையும். சாதாரண பாலிப்ரோப்பிலீன் உறை என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிற்கவைத்து, நெருக்கமாக, ஆனால் இழுத்தால் தடையில்லாமல் வரும்படி அடுக்குங்கள். அடுக்கு தளர்ந்தால் இதழ்கள் சாய்ந்து முதுகு வளைந்துவிடும், அந்த வளைவு திரும்ப நிமிராது.

17 · கொக்கி

புதுத்தாள், 115 பழைய பிரதி தேடுறீங்கன்னா ஒண்ணு. அது 100 பக்க இதழ், உள்ள மறுபதிப்புக் கதைகளும் சேர்ந்து வரும். முதுகு தடிமன், ஒட்டுதான், பின் கிடையாது. திறக்கும்போது 180 டிகிரிக்கு விரிக்காதீங்க, பசை காய்ஞ்சு போயிருக்கும், பக்கம் கையோட வந்துடும்.